சாகேப் வருவதற்கு முன்பே முடிந்த ரேஸ்

இந்த ஜனவரியில் எங்கள் வாகட் குடியிருப்பில் விளையாட்டு தினம் நடத்தினார்கள். கார் நிறுத்தும் இடத்தைக் காலி செய்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். பனியில் நனைந்த சுண்ணாம்பு ஒரு மாதிரி மணக்கும். புதிதாக வெள்ளையடித்த வீட்டுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும். என் மகள் எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கும்போது கேட்டுக்குள் ஒரு வெள்ளைக் கார் நுழைந்தது. சிறப்பு விருந்தினராம். எல்லாம் முடிந்த பிறகு வருகிறார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் பதறிப்போய் ஓடி வந்தார். பிள்ளைகளை இன்னொரு தடவை ஓட விட வேண்டுமாம். "ஃபோட்டோ கே லியே, பஸ்" என்றார். வெறும் போட்டோவுக்குத்தான்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இவ்வளவு கோபமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு மல்லிகா ஞாபகம் வந்துவிட்டது, அதுதான் விஷயம்.

மல்லிகா என்னோடு பி.ஏ. படித்தவள். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், பிழைக்க மராட்டியப் பக்கம் வந்து ஏரவாடாவில் ஒற்றை அறை வீடு. எங்களுடையது ஒரு சின்ன அரசுக் கல்லூரி. மைதானம் என்று ஒன்று இருந்தது, அதில் பாதியில் முதல்வரின் எருமை மேயும். மார்பிள் போட்ட பெரிய கல்லூரிகளோடு மோதினால் எங்களுக்கு மண்தான் மிஞ்சும் என்பதால், இந்த வட்டாரத்துச் சின்னக் கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு தடகளப் போட்டி வைத்துக்கொண்டன. எல்லாமே கூட்டாஞ்சோறு. ஒரு கல்லூரி ஸ்டாப் வாட்ச் கொண்டுவரும், ஒன்று சுண்ணாம்பு, ஒன்று தடை தாண்டும் சட்டங்கள். எங்கள் கல்லூரியின் பங்கு, ஓட்டம் முடியும் இடத்தில் பிடிக்கும் கம்பளி நூல். சிவப்பு நூல். அதை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் விளையாட்டு வாழ்க்கையின் சாதனை. குண்டு எறிதலிலும் பெயர் கொடுத்தேன். குண்டு என் கால் பக்கத்திலேயே விழுந்து, நடுவர் என்னை நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

கூர் ஆணி வைத்த ஓட்டக் காலணிகூட அங்கே பொதுச் சொத்து மாதிரிதான். ஒரு ஜோடி நாலு கால் மாறும். மல்லிகாவுக்கு வேறொரு கல்லூரிப் பெண் கொடுப்பாள், ஓடி முடித்ததும் இவள் மண்ணைத் தட்டித் திருப்பிக் கொடுப்பாள்.

அந்த வருடம் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதலாவதாக வருகிற பெண்ணுக்குப் பல்கலைக்கழக அணியின் பயிற்சி முகாமில் இடம் என்று சொல்லியிருந்தார்கள். ஹாஸ்டல், மூன்று வேளை சாப்பாடு, அப்புறம் ஒருநாள் ரயில்வே வேலை என்று நாங்கள் இருவரும் பஸ்ஸில் உட்கார்ந்து அளந்துகொண்டே வருவோம். வீட்டில் அவள் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான். "இந்தத் தபா பேரு வந்துச்சுன்னா படி. இல்லாட்டி இத்தோட நிறுத்திக்கோ, மாப்ள பாத்துரலாம்."

சிறப்பு விருந்தினர் கொடி அசைத்துத்தான் இறுதி ஓட்டம் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். அவர் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. நடுவர் நல்ல மனிதர், பொறுத்துப் பார்த்துவிட்டு ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார். கடைசிச் சுற்றில் மல்லிகாவுக்குப் பின்னால் வெற்று மண்தான். நூலை நெஞ்சால் இழுத்துக்கொண்டு என் மேலேயே வந்து விழுந்தாள். "இப்ப இன்னா சொல்றேன்னு அண்ணங்கிட்ட கேக்கணும்டி" என்று மூச்சு வாங்கினாள். காலணியைத் திருப்பிக் கொடுத்தோம், அந்தக் கல்லூரி பஸ் கிளம்பிப் போனது. நாங்கள் ஆளுக்கு இரண்டு வடா பாவ் தின்றோம். எண்ணெய் முழங்கை வரை வழிந்தது.

அப்போதுதான் "சாகேப் ஆலே! சாகேப் ஆலே!" என்று கூச்சல். சாகேப், அதாவது சிறப்பு விருந்தினர், வந்துவிட்டார். கல்யாணப் பந்தல்காரரின் சோபா, மாலை, சால்வை, தேங்காய். மனிதர் வாய் நிறைய குட்காவோடு இறங்கி, குனிந்து, ஓட்டப் பாதையில் பளிச்சென்று போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டின் மேல் சிவப்பாகத் துப்பினார். சுற்றி நின்ற பேராசிரியர்கள் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கொடி அசைக்க ஓட்டம் எதுவும் மிச்சமில்லை. எங்கள் பி.டி. சார் வந்து மல்லிகாவிடம், "ஃபோட்டோ கே லியே, பஸ். காலைல வந்த ரிசல்ட்தான் ரிசல்ட்" என்றார். அவள் வெறுங்காலோடு, வயிற்றில் இரண்டு வடா பாவோடு போய் நின்றாள். நான் மறுபடி நூலைப் பிடித்தேன். மல்லிகா அந்தச் சிவப்பு எச்சிலைத் தாண்டித் தாண்டி, என்னைப் பார்த்துக் கை ஆட்டியபடி ஓடினாள். காலையில் மூன்றாவதாக வந்த பெண், போட்டியை நடத்திய கல்லூரிக்காரி, தலை தெறிக்க ஓடி வந்து நூலை அறுத்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினாள். சாகேப் சோபாவிலிருந்து எழுந்து, முன்னால் நின்ற கழுத்தில் பதக்கத்தைப் போட்டார். கேமரா மின்னியது.

அதற்கப்புறம் அந்தக் கூட்டம் பேசியதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. சாகேப் கையால் போட்ட பதக்கத்தை எப்படிக் கழற்றுவது? அவருக்கு அவமானம் இல்லையா? நடுவர் மட்டும் கத்தினார். அவருக்கு டீ கொடுத்து உட்கார வைத்தார்கள். முகாமுக்கு மற்றப் பெண்ணின் பெயர் போனது. பி.டி. சார் மல்லிகாவின் தலையைத் தடவி, "அடுத்த வருஷம்" என்றார். அடுத்த ஜூனில் அவள் கல்லூரிக்கே வரவில்லை.

இப்போது ஏரவாடாவிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். குடியிருப்பு விளையாட்டு தினத்தன்று மாலை அவளுக்குப் போன் செய்தேன். செயலாளர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, மகள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டதைச் சொன்னேன்.

"பாப்பா ஃபர்ஸ்ட்டா வந்துச்சா?"

"வந்தாடி."

"எந்த ரேஸ்ல?"

"காலைல ஓடினதுல."

மறுமுனையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டுச் சொன்னாள். "அப்போ அதான்டி ரேஸு."

மல்லிகா ஓடிய அன்றைக்கு, நடுவரைத் தவிர அத்தனை பெரிய மனிதர்களில் இதைச் சொல்ல ஒருவர் வாயும் திறக்கவில்லை. சின்னக் கல்லூரிகளின் அந்தப் போட்டி எப்போதோ நின்றுபோயிற்று. அவள் ஓடிய இடத்தில் இப்போது பிளாஸ்டிக் புல் விரித்த, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் திறந்தவெளி இருக்கிறது. அங்கே வெள்ளைத் துணி போர்த்திய சோபாக்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள்.