ஃபிலடெல்பியாவில் மிதிக்க ஆள் வேண்டும்

"பீர் வாசனைக்கே மூஞ்சியத் திருப்பிக்குவ. நீ போய் பப் டூர் ஆர்கனைஸ் பண்றியா? அதுவும் நம்ம ஆளுங்கள வெச்சுக்கிட்டு?"

கேட்டவர் நியூஜெர்சி எடிசனில் எங்கள் தமிழ்க் கூட்டத்துக்கெல்லாம் அக்கா. பொங்கல், பிறந்தநாள், கிரிக்கெட் இறுதியாட்டம் எல்லாமே அவர் வீட்டு பேஸ்மென்டில்தான் நடக்கும். கேள்வியில் பாதி கிண்டல், பாதி கவலை. "பண்ணிக் காட்டறனுங்கக்கா" என்றேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ரேஷன் கார்டில் பெயர் திருத்துவதிலிருந்து அமெரிக்க விசா வரை நானே படித்து, நானே கேட்டு முடித்துத்தான் பழக்கம். ஒரு வண்டி நிறைய ஆட்களை ஏற்றுவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

எல்லாம் என் அறைத்தோழிக்காக. இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்து, ஒன்றாகவே எடிசனுக்கு வந்து வீடெடுத்தவர்கள். ஹெச்1பி வேலை விசா குலுக்கலில் எனக்கு விழுந்தது. அவளுக்கு மூன்று முறையும் விழவில்லை. ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டாகிவிட்டது. வழக்கறிஞரிடம் கேட்டேன், கிடைத்த விதிகளையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். குலுக்கலிடம் என் படிப்பு எதுவும் செல்லாது என்பது மட்டும்தான் புரிந்தது.

போன வருடம் நாங்கள் ஃபிலடெல்பியாவைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். பழைய செங்கல் கட்டடங்களுக்கு நடுவே ஒரு விசித்திர வண்டி வந்தது. நடுவில் நீண்ட மேசை, இருபுறமும் ஸ்டூல்கள், ஸ்டூல்களுக்குக் கீழே பெடல்கள். உட்கார்ந்திருந்தவர்கள் கையில் கோப்பையோடு பாடிக்கொண்டே மிதித்தார்கள். முன்னால் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒரு பப்பிலிருந்து அடுத்த பப்புக்கு ஓட்டிப் போனார். சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான கட்டடத்தைவிட அந்த வண்டியைத்தான் அவள் அதிக நேரம் பார்த்தாள். "ஒரு நாள் இதுல ஏறணும்டீ. நம்ம கேங்கோட, கத்திக்கிட்டே!"

அவளுக்காக என்னால் செய்ய முடிந்ததென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு முழு வண்டியையும் பதிவு செய்துவிட்டு வாட்ஸப் குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் வரிசையாக நிமிர்ந்தன. எல்லோரும் வருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாளே அக்கா அழைத்தார்.

"ஏம்மா, அன்னிக்கு புரட்டாசி சனிக்கிழமை. பார்த்தியா இல்லையா?"

பார்க்கவில்லை. எங்கள் ஊர் நாமக்கல்லில் இருந்திருந்தால் கறிக்கடை காற்று வாங்குவதை வைத்தே தெரிந்திருக்கும். அலுவலக காலண்டரில் செப்டம்பர்தான் இருந்தது. எங்கள் குழுவில் பாதிப் பேர் அந்த மாதச் சனிக்கிழமைகளில் அசைவமும் மதுவும் தொடாதவர்கள்.

"குடிக்க வேண்டாங்கக்கா. ஜூஸ் குடிச்சுட்டு மிதிக்கலாம்."

பின்னாலிருந்து அவர் கணவரின் குரல் கேட்டது. "விரதம் இருந்துக்கிட்டு பப்பு பப்பா சைக்கிள் மிதிக்கணுமா? பெருமாளே சிரிச்சுடுவாரு!"

ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம் என்று வண்டி நிறுவனத்தை அழைத்தேன். அவள் கிளம்பும்வரை எந்த ஞாயிறும் காலியில்லை. அடுத்த சனிக்கிழமையும் புரட்டாசிதான், போதாததற்கு நவராத்திரி. வீட்டுக்கு வீடு கொலு.

சரி, வருகிறவர்கள் வரட்டும் என்று ஒவ்வொருவராக அழைத்தேன். "கண்டிப்பா வர்றோம். பசங்களையும் கூட்டிட்டு வந்துடறோம்" என்றார் ஒருவர். இருபத்தொரு வயது ஆகாதவர்களை ஏற்றமாட்டார்கள் என்றேன். "ஒரு ஓரமா உக்காந்துக்குவாங்க, வண்டிக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா." இன்னொருவர் வீட்டுக்கு மாமனார் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். "அவங்களும் ஃபிலடெல்பியா பார்க்கலல்ல? முட்டி வலி, மிதிக்கல்லாம் முடியாது. சும்மா உக்காந்து வரட்டும்." குடும்பத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று எந்தத் தமிழ் வீட்டிலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியவில்லை.

ஒருவர்கூட வரமாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு ஆள் தேடியிருப்பேன். "ஷ்யூர்மா, ட்ரை பண்றோம்" என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாதிப் பேராவது மிதிக்காவிட்டால் ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும் என்று அந்த நிறுவனத்துப் பெண் பொறுமையாகச் சொன்னாள். என்னிடம் உறுதியாக இருந்தவை நான்கு கால்கள், எங்கள் இருவருடையவை.

அந்த வாரமே அக்கா குழுவில் எழுதினார். "எதுக்கு அலையணும்? நம்ம வீட்லயே பாட்லக் வெச்சு அவளுக்கு ஃபேர்வெல் கொடுத்துடலாம்." நான் பதில் யோசிப்பதற்குள் லெமன் ரைஸ் ஒருவர், குருமா ஒருவர், கேக் ஒருவர் என்று பிரித்தெடுத்துக்கொண்டார்கள். இந்த முறை எல்லோரும் "கன்ஃபர்ம்" என்றே போட்டார்கள். வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அத்தனையும் அவள் மேலுள்ள அன்புதான். அன்போடு எப்படிச் சண்டை போடுவது? எதையோ தட்டச்சு செய்து, அழித்து, போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவள் தரையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விடுடீ. அக்கா வீட்டு பேஸ்மென்ட்ல ஸ்டூல் போட்டு உக்காந்து காலாட்டிக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உனக்குக் கோவம் அவங்க மேலயா, லாட்டரி மேலயா?"

கவிழ்த்து வைத்த போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நீ வண்டி புடிச்சா ஃப்ளைட் நின்னுடுமா என்ன?" என்றாள். துணி மடிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

நிற்காதுதான். அது தெரியாமலா இருந்தேன்? ஆனாலும் ஏறாமலே போகிறாளே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. வெளியே பார்க்கிங்குக்குப் போய் வண்டி நிறுவனத்தை மறுபடி அழைத்தேன். முழு வண்டி வேண்டாம், யாருடைய கூட்டத்தோடாவது இரண்டே இடம் கிடைக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். வியாழக்கிழமை ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலர் வருகிறார்கள், மிதிக்க ஆள் போதாது என்று அவர்களே கவலைப்படுகிறார்கள், கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நான் காருக்குப் பக்கத்திலேயே காத்திருந்தேன். திரும்ப அழைத்து, தாராளமாக வரச் சொன்னார்கள் என்றாள்.

சனிக்கிழமை வண்டியை ரத்து செய்தேன். பாட்லக்குக்குத் தயிர்வடை கொண்டுவருவதாகக் குழுவில் எழுதினேன். மேனேஜருக்கு வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு உள்ளே வந்து, அவள் பெட்டியின் அடியில் வைத்திருந்த ஷூவைத் தோண்டி வெளியே எடுத்து வைத்தேன்.