வெற்று வானத்தில் ஒரு மேகம்

ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் அவளுக்குக் 'குழியக்கா' என்று பெயர். விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் மேகம், பின்னாலிருந்து வரும் ரேடியோ அலையை விழுங்கினால் திரைக்கோட்டில் குழி விழும். அதன் ஆழத்தை வைத்து மேகத்தின் அடர்த்தியைச் சொல்லிவிடுவாள். அன்று விழுந்தது கிணறு. மதியக் கூட்டத்தில் அறிவிக்கத் தலைவர் துடித்தார்.

அவளுக்கோ உறுத்தல். கருவியின் இரைச்சலை ஒப்பிட்டுக் கழிக்க, வெற்று வானமென்று ஓரிடத்தை அவள்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். வேறோர் இடத்தைப் பார்த்துக் கழித்தாள். குழியைக் காணோம்.

"எங்கேம்மா என் மேகம்?" என்று அலறினார் தலைவர்.

"நான் வெற்றுன்னு நெனச்ச இடத்துல உக்காந்து அலை விட்டுக்கிட்டிருக்கு சார். அதைக் கழிச்சதாலதான் இங்க குழி. புது மேகம்னே அறிவிங்க."

"அடர்த்தி கேட்டா?"

"இந்தக் குழியை வெச்சு அதைச் சொல்ல முடியாது சார். இருமுங்க."

தலைவர் அங்கேயே ஒருமுறை இருமிப் பார்த்துக்கொண்டார்.