ஐந்து மணித்தியாலப் பயணம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. நான் ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறேன். அதனால் எங்கள் லயத்து வீடுகளில் எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம், ஒத்துக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா திடீரென்று இறந்துபோனார். ஒரே மகள், சவூதியில், ரியாத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவள் வரட்டும் என்று உடலைக் கெடாமல் பாதுகாக்கும் டவுன் மலர்சாலையில் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் அவளே எனக்குப் போன் பண்ணிப் பேசினாள்: "டிக்கெட் கெடச்சிருச்சுண்ணே, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு பிளேன்."

அவளுடைய அப்பா என் முகத்தைப் பார்த்தார். "எத்தன மணிக்கு வந்து சேருவா தம்பி?"

போனில் தட்டினேன். ரியாத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏறத்தாழ நாலாயிரம் கிலோமீட்டர், ஐந்து மணித்தியாலம். ஆறும் ஐந்தும் பதினொன்று. அங்கிருந்து வேனில் ஐந்து மணித்தியாலம். "நாலு மணிக்கெல்லாம் வாசல்ல நிப்பா" என்று அடித்துச் சொன்னேன். என் பேச்சை நம்பி மறுநாள் மாலை நாலரைக்கு அடக்கம் என்று தோட்டத்தின் எல்லா டிவிசனுக்கும் சொல்லியனுப்பினார்கள். விடிந்ததும் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், குழியும் வெட்டினார்கள்.

பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, போன் வரவில்லை. "சிம் இருக்காது" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்! ஒன்றே முக்காலுக்கு அழைப்பு வந்தது.

"அண்ணே, இப்பத்தான் எறங்குனேன். அம்மாவ எடுத்துறாதீங்கண்ணே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சொன்ன ஆறு மணி, ரியாத் நேரம். அப்போது நமக்கு எட்டரை. கடவுளே, இந்த மடையனுக்கு அது தோன்றவே இல்லை! இனி அவள் வந்து சேர ஏழரைக்கு மேலாகும்.

அவள் அப்பாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். மகள் வரும்வரை பொறுக்கச் சொல்லி அவர் பெரியவர்களைக் கெஞ்சினார். "இருட்டுனப்புறம் அடக்கம் பண்ண முடியாதுங்க, வெட்டின குழிய ராவைக்குச் சும்மா போடவுங் கூடாது, தோட்டத்துக்கே ஆகாது" என்றார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. முடிந்தவரை இழுத்துப் பார்த்து, ஐந்தரைக்குத் தூக்கிவிட்டார்கள். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன்.

அவள் வந்து இறங்கியபோது வீட்டில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அழுது ஓய்ந்து, நடந்ததையெல்லாம் கேட்ட பிறகு, மூலையில் நின்ற என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்தேன்.

"பிளேன்ல அஞ்சு மணித்தியாலந்தாண்ணே ஆச்சு. நீங்க சொன்னது சரிதான்."

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"சரியாத் தெரியல, அவகிட்டயே கேட்டுச் சொல்றேன்" என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பெண் தன் தாயின் முகத்தைப் பார்த்திருப்பாள்.