அசையாத வால்கள்

நுண்ணோக்கியின் வட்ட வெளிச்சத்துக்குள் எதுவுமே அசையவில்லை. சேலத்தில் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையின் லேபில் அப்போது வேலை பார்த்தேன். நீந்தித் திரிய வேண்டிய விந்தணுக்கள் நூல் துணுக்குகளாகக் கிடந்தன. என் அக்கா வீட்டுக்காரர் தந்த மாதிரி அது. வேறு யாரும் வேண்டாம், நீயே பார் என்று அவராகவே வந்து கேட்டிருந்தார்.

மாமா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். வீடு அதே மலையில் கரடியூரில். அவருக்குச் சிறு வயது முதலே ஓயாத சளி, இருமல். மலைக்குளிர் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். கல்யாணமாகி எட்டு வருடமாகக் குழந்தை இல்லை. மாத்திரை, ஊசி, ஸ்கேன் எல்லாம் அக்காவுக்குத்தான். ஞானஸ்நான விருந்துகளில் அவள் பிள்ளையை வாங்கக் கை நீட்டினால், மாமியார் இடையில் புகுந்து வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்.

“கண்ணு, ஒளிக்காமச் சொல்லு” என்றார் மாமா. ஒன்றுகூட அசையவில்லை என்று சொன்னேன்.

டாக்டர் இருமலைப் பற்றி விசாரித்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இதயம் வலப்பக்கம் இருந்தது. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்ணிய இழைகளும் விந்தணுவின் வாலும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. பிறவியிலேயே அதில் பிழை என்று படம் வரைந்து விளக்கினார். இதயம் இடம் மாறியதும் அதனால்தானாம். பிறகு செறிவு குறைந்த உப்புநீரில் அணுக்களை விட்டுப் பார்த்தோம். சிலவற்றின் வால் சுருண்டது. உயிர் இருக்கிறது, ஊசி மூலம் கருமுட்டைக்குள் செலுத்தலாம் என்றார்.

மாமா வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இத்தனை வருடம் அக்கா வீணாகக் குத்திக்கொண்ட ஊசிகளைப் பற்றி மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு மாமா வீட்டுக்கு என்னோடு சொந்தக்காரர்களும் சாப்பிட வந்திருந்தார்கள். மாமாவின் அம்மாவான அத்தை வழக்கம்போல அக்காவைக் குத்திப் பேச ஆரம்பித்தார். மாமா சோற்றுக் கையோடு எழுந்து நின்றார்.

“அம்மா, கொறை எம்பட ஒடம்புலதான். இனி அவள யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது.”

வந்திருந்த ஆண்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஓர் ஆண் தன் வாயாலேயே அப்படிச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அதன்பின் அத்தை பல வாரம் மகனோடு பேசவில்லை.

முதல் முயற்சி பலிக்கவில்லை. இரண்டாம் முறை அக்காவும் மாமாவும் சேலம் பஸ் ஏறியபோது, கூப்பிடாமலே அத்தையும் வந்து ஏறினாராம். கொண்டை ஊசி வளைவுகளில் அக்காவுக்குத் தலை சுற்றியது. அத்தை அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாராம்.

அம்முறை கரு தங்கியது. மகளுக்கு இப்போது நான்கு வயது. மாமா இன்னும் இருமிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனாலும் அக்கா என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த மடியைப் பற்றித்தான்.