என் பிள்ளையைத் தூக்கும் தோள்

அன்று என் மகன் கையிலிருந்து நழுவியது தோளின் பலவீனத்தாலா, என் கவனக்குறைவாலா? இன்றும் எனக்குத் தெரியவில்லை, சகோதரிகளே.

எங்கள் ஊரை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருடம், ஐப்பசி மழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தேன். வலத் தோள்மூட்டு விலகிவிட்டது. ஊர் மருத்துவச்சி மூட்டை உள்ளே ஏற்றிக் கட்டினார். கட்டை அவிழ்த்த பிறகும் பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தேன். தொழுகையில்கூட இடக்கையை மட்டுமே உயர்த்தினேன். வலி போனது, பலமும் போயிருந்தது.

ஒருநாள் தூளியிலிருந்து மகனைத் தூக்கியபோது தோள் துவண்டது. பிள்ளை சரிந்து, கீழே உட்கார்ந்திருந்த மாமியார் மடியில் விழுந்தான். அடிபடவில்லை. ஆனால் அதன்பின் அவனைத் தூக்கவே நடுங்கினேன். பால் கொடுக்கவும் மாமிதான் கொண்டுவந்து கிடத்துவார்.

கணவர் சைகோனில். ஆண் டாக்டரிடம் தோளைக் காட்ட மனம் வரவில்லை. "யா அல்லாஹ், என் பிள்ளையைத் தூக்கப் பலம் கொடு" என்று தொழுகைதோறும் அழுதேன்.

சில நாட்களில் பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்கு ஒரு லேடி டாக்டர் வந்தார். மாமி ஓடிப்போய் அழைத்து வந்தார்.

"எலும்பு நல்லாத்தாம்மா இருக்கு. மூட்டைச் சுத்திப் புடிச்சிருக்கிற சின்னச் சதைங்கதான் சோர்ந்துபோச்சு. வேலை குடுத்தாத்தான் தேறும்" என்றார் டாக்டர்.

பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னார். முழங்கையை மடக்கி, அதற்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைத்து, அது விழாமல் டியூபை மெதுவாக வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். பிறகு திரும்பி நின்று உள்பக்கம். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

"அம்மி அரைக்கச் சொன்னா தோளு வலி. டியூப்ப இழுக்க மட்டும் வலிக்கலியாக்கும்?" என்று மாமி கேலி செய்வார். ஒருநாள் முடிச்சு அவிழ்ந்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். "இழு புள்ள! காலையில சோறு திங்கலியா?"

சரியாகத்தான் செய்கிறேனா என்று தினமும் சந்தேகப்பட்டேன். ஆனாலும் விடவில்லை.

மாசியில் ஒரு மாலை, அசர் தொழுகை. இரண்டு கைகளும் ஒன்றாகத் தோளுக்கு நேரே உயர்ந்தன. தொழுது முடித்ததும் மகன் தவழ்ந்து வந்து முக்காட்டை இழுத்தான். தூக்கினேன். மாமி பார்த்துக்கொண்டே இருந்தார். தாங்கக் கை நீட்டவில்லை.

அல்ஹம்துலில்லாஹ்! நீங்களும் அல்லாஹ்விடம் கேளுங்கள். அவன் அனுப்பும் உதவியைப் பயந்து தள்ளிவிடாதீர்கள். டியூப் இன்னும் என் ஜன்னலில்தான் இருக்கிறது.

ஒன்றுதான் குறை. வலக்கை தாங்கினாலும், இடக்கை தானாகவே பிள்ளைக்கு அடியில் போய்விடுகிறது. தாய்மாரே, இந்தப் பயத்தை நீங்கள் எப்படிப் போக்கினீர்கள்? தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.