கேரவனுக்கு வழி போட்டவள்

சுற்றுலாவுக்கு வழி போட்டுத் தருவது என்பது, நாமே சரியாகப் பார்க்காத ஊர்களுக்குப் பிறரை அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை போனைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் தொழில். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வேன் பேசிவிட்ட ஒரே பாவத்துக்காக வழி நெடுக வசவு வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

எங்கள் ஆபீஸ் தஞ்சாவூரில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருக்கிறது. முதலாளி ஜாபர் பாய் வளைகுடாவில் பல வருஷம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துத் திரும்பியவர். அந்த உழைப்பையெல்லாம் போட்டு ஒரு கேரவன் வாங்கினார். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. ஓட்டுபவர் முருகையன் அண்ணன். எந்த நாள் எந்த ஊர், எங்கே நிறுத்துவது, எங்கே தங்குவது என்று வழி போடுவது நான். வரலாறு படித்தவள். ஆனால் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்தே தெரிந்துகொண்டேன். அதன் பலனை இனிமேல் படியுங்கள்.

பிறந்த தேதி

எங்களுக்கு வந்த முதல் பெரிய பயணம், சென்னையிலிருந்து தணிகாசலம் சாரும் அவர் மனைவி வசந்தா அம்மாவும். சாருக்கு முந்தின வருஷம் நெஞ்சில் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தது. பிழைத்தால் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்து வைக்கிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று வேண்டிக்கொண்டவர் வசந்தா அம்மா. சார் மாடிப்படி ஏறக் கூடாது, லாட்ஜ் மாறி மாறித் தங்கக் கூடாது. அதனால்தான் கட்டிலோடு போகிற வண்டி. ஐந்து நாள் டெல்டாவைச் சுற்றிவிட்டு, கடைசி நாள் காலை முகூர்த்தத்துக்குத் திருக்கடையூர் போய்ச் சேர வேண்டும். இது சரியாக நடக்கவில்லை என்றால் வண்டியை விற்றுவிடுவதாக பாய் சொல்லியிருந்தார்.

பிறந்த தேதியைப் போனில் கேட்கக் கூச்சப்பட்டு, அவர்கள் அனுப்பிய ஆதார் நகலைப் பார்த்தேன். ஜூன் ஒன்று. அதை வைத்துக் கோயிலில் குருக்களிடம் சொல்லி, வழியும் போட்டு முடித்துவிட்டேன். எங்கள் அப்பாவுக்கும் ஆதாரில் ஜூன் ஒன்றுதான். பெரியப்பாவுக்கும் அதேதான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். திட்டத்தை அனுப்பிய அன்றே வசந்தா அம்மா கூப்பிட்டார்.

“அது பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப ஹெட்மாஸ்டர் வச்ச பொறந்த நாளும்மா. கவர்மெண்டுக்குத்தான் இவருக்கு ஜூன்ல அறுபது, இவங்க அம்மாவுக்குத் தை மாசம் விசாகத்துலதான்.”

பச்சைக் கம்பளம்

தேதியை மாற்றினேன். திட்டத்தை மாற்றவில்லை. வைகாசிக்கு என்று போட்ட அதே வழி, அதே நிறுத்தங்கள். மேலே இருந்த மாதத்தின் பெயரை மட்டும் அழித்து ‘தை’ என்று அடித்தேன். வைகாசியில் வெறும் மண்ணாகக் கிடக்கிற நிலம் தையில் அறுவடையில் இருக்கும் என்பது டெல்டாவில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தெரிந்ததை எடுத்து வேலையில் வைக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

சார் உடம்பை முன்னிட்டு, வழி போட்டவளும் கூட வரட்டும் என்று பாய் என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டார். தஞ்சாவூர் பெரிய கோயில், தாராசுரம் எல்லாம் நல்லபடியாகத்தான் போயின. கும்பகோணம் தாண்டியதும் வசந்தா அம்மா நான் அச்சடித்துக் கொடுத்த தாளைப் பிரித்து உரக்கப் படித்தார். ‘இருபுறமும் பச்சைக் கம்பளம் விரித்த வயல்களினூடே பயணம்.’ ஏதோ பழைய விளம்பரத் தாளில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் அறுத்த வயலில் மிஞ்சிய அடித்தாள். தூரத்தில் அறுவடை மிஷின் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டிருந்தது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முருகையன் அண்ணன் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

“பாப்பா எழுதுறப்ப பச்சையாதாம்மா இருந்துச்சு, நேத்துதான் மிஷின் வந்து கம்பளத்தச் சுருட்டிக்கிட்டுப் போயிருக்கு.”

தொட்டி

ஐந்து நாளுக்கும் காலைச் சூரியன் எங்கே நன்றாகத் தெரியும், பறவைகள் எந்த நேரத்தில் வரும் என்றெல்லாம் எழுதியவள், வண்டியின் கழிவறைத் தொட்டி நிரம்பினால் எங்கே காலி செய்வது என்று எழுதவில்லை. மூன்றாம் நாள் கோடியக்கரையில் சாரும் அம்மாவும் பறவை பார்த்துவிட்டு வந்து ஏறியபோது சிவப்பு விளக்கு எரிந்தது. சார் மாத்திரை சாப்பிடுகிறவர், அடிக்கடி போக வேண்டும். முருகையன் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, வழியில் ஏதாவது வாய்க்காலில் திறந்துவிடட்டுமா என்று கேட்டார். டெல்டாவில் எந்த வாய்க்காலும் சும்மா ஓடுவதில்லை. எங்கோ ஒரு படித்துறையில் யாராவது குளித்துக்கொண்டிருப்பார்கள், அதற்கப்பால் யாருடைய வயலிலோ அது பாயும். வேண்டாம் என்றேன்.

இரண்டு பெட்ரோல் பங்கில் கேட்டோம். முடியாது என்றார்கள். கடைசியில் ரோட்டோரம் ஒரு கல்யாண மண்டபம். செப்டிக் டேங்க் பெரிதாகத்தான் இருக்கும், நீ போய்க் கேள், பொம்பளப் பிள்ளை கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று அண்ணன் என்னைத் தள்ளிவிட்டார். வாட்ச்மேன் ஐயா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறைதான் எனக்குக் குரல் வந்தது. விஷயத்தைக் கேட்டவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பின்பக்கக் கதவைத் திறக்க எழுந்தார்.

“மண்டபத்துக்கு வர்றவங்க மொய்தான் கொண்டாருவாங்க, நீ என்னத்தைத் தூக்கிட்டு வந்து நிக்கிற பாரு தாயி.”

நல்ல சமதளம்

இதைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் சொன்னேன்.

நான்காம் நாள் மாலை தங்குவதற்குத் திருக்கடையூருக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை வரைபடத்தில், மேலிருந்து எடுத்த படத்தில் கண்டுபிடித்திருந்தேன். ஆற்றை ஒட்டி, சுற்றிலும் வயல், நடுவே சதுரமாக வெள்ளையாக ஒரு சிமெண்ட் தரை. ‘விசாலமான, சுத்தமான சமதளம்’ என்று எழுதியிருந்தேன். வெளியூர்க்காரி ஒருத்தி அதை வண்டி நிறுத்துமிடம் என்று நினைத்தால் மன்னிக்கலாம். எங்கள் அம்மா இன்றைக்கும் அறுப்புக்கும் நடவுக்கும் போகிறவர். அந்த மாதிரித் தரையில் காயும் நெல்லுக்குக் காக்கா விரட்டித்தான் நான் வளர்ந்தேன். அது ஊரின் களம். ஊரில் யாருக்கும் போன் போட்டுக் கேட்காமல் களத்தின் நடுவில் கேரவனை நிறுத்தி, இரண்டு நாற்காலி போட்டு, சாரையும் அம்மாவையும் உட்கார வைத்தேன். முருகையன் அண்ணன் பால் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்.

வானம் கிழக்கே கறுத்து வந்தது. முதல் டிராக்டர் நெல்லோடு வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, சாரெல்லாம் எந்த டிபார்ட்மெண்ட் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அறுப்புக் காலத்தில் அரசுக் கொள்முதலுக்காக நெல்லின் ஈரப்பதம் பார்க்க மேலேயிருந்து அதிகாரிகள் வருவதுண்டு. பெரிய வெள்ளை வண்டி, கண்ணாடி போட்ட பெரியவர், கையில் தாளோடு ஒரு பெண். வேறு என்ன நினைப்பார்? அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அண்ணனைப் போனில் கூப்பிட்டு ஐந்து நிமிஷத்தில் வண்டியை வெளியே எடுத்திருக்கலாம். உல்லாசப் பயணம் வந்திருக்கிறோம் என்று, மழைக்கு முன் நெல்லைச் சேர்க்க ஓடி வந்தவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிரித்தேன். சிரித்துவிட்டு வண்டிக்குள் ஏறிக் கதவின் பின்னால் நின்றுகொண்டேன்.

அரை மணி நேரத்தில் ஆறு டிராக்டர் வந்துவிட்டது. அதிகாரிகளுக்குத் தொந்தரவு இல்லாமல், வண்டியைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு, மரியாதையாக நெல்லைக் கொட்டினார்கள். அண்ணன் பாலோடு திரும்புவதற்குள் வெளியே போகும் பக்கமும் குவியலாகிவிட்டது. ஒவ்வொருவராகக் கை நிறைய நெல்லை எடுத்து வந்து சாரிடம் காட்டினார்கள். ஈரம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், மழை பயமுறுத்துகிறது, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். ஊர்க்காரர்கள் அன்பாகக் காட்டுகிறார்கள் என்று நினைத்த சார் ஒவ்வொரு கையையும் முகர்ந்து பார்த்து, ரொம்ப நல்ல நெல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மனு எழுதிய தாளை நீட்டியபோதுதான் வசந்தா அம்மாவுக்குப் புரிந்தது. நாங்கள் சும்மா ஊர் சுற்ற வந்தவர்கள், நாளைக் காலையில் இவருக்கு அறுபதாம் கல்யாணம் என்று சொன்னார். மனு நீட்டியவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தலையில் துண்டு கட்டியிருந்த ஓர் அம்மா, ராசாத்தி என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள், கதவருகே வந்து நான் எந்த ஊர் என்று கேட்டார். தஞ்சாவூர் என்றேன். என் கிராமத்தின் பெயரைச் சொல்லவில்லை. அவர் திரும்பி மற்றவர்களைச் சமாதானப்படுத்தினார்.

“விடுங்கப்பா, டவுனுல பொறந்த புள்ள, அதுக்குக் களம் எது, காரு நிறுத்துற எடம் எதுன்னு யாரு சொல்லிக் குடுத்துருப்பா?”

பலகை

மழைக்குப் பயந்து மூடிய நெல்லை இரவில் நகர்த்தச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மழை பெய்யவில்லை. ஆனால் விடிந்து பார்த்தபோது வண்டியின் நான்கு பக்கமும் தார்ப்பாய் மூடிய நெல். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நெல்லின் மேல் செருப்புக் காலே வைக்க மாட்டார்கள், சக்கரம் ஏற்றுவது எப்படி? முருகையன் அண்ணன் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சார் பட்டு வேட்டி கட்டித் தயாராக இருந்தார். வசந்தா அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஏதாவது கிடைக்குமா என்று அண்ணன் இரண்டு பேருக்குப் போன் போட்டார். முகூர்த்த நாள், ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, காவலுக்குப் படுத்திருந்த ராசாத்தி அம்மாவிடம் போனேன். வழி வேண்டும் என்று கேட்டேன். அவ்வளவு தெளிவாக நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அவர் எழுந்து நாலு வீட்டுக்குக் குரல் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு பேர் வந்து, முந்தின நாள் கொட்டிய நெல்லைத் தார்ப்பாயை விலக்கி ஓரம் தள்ள ஆரம்பித்தார்கள். சும்மா நிற்க முடியாமல் சுவரில் சாய்த்திருந்த ஒரு பலகையை எடுத்தேன். நெல் இழுப்பதற்குக் கழி வைத்த பலகை. நெல் சிதறாமல், தரையில் தேய்த்துவிடாமல், முட்டியை மடக்கி இழுக்க வேண்டும். உடம்பு மறக்கவில்லை. பாதி வழி வந்ததும் பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்த ராசாத்தி அம்மா நின்றுவிட்டார். என் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

“ஏண்டி, தஞ்சாவூருல எந்தக் காலேசுல பலகை இழுக்கச் சொல்லித் தர்றாங்க?”

முகூர்த்தம்

வழி திறக்கும்வரை பலகையை இழுத்துவிட்டு வண்டியில் ஏறினேன். என் ஊர்ப் பெயரை அப்போதும் சொல்லவில்லை. களத்தில் இருந்தவர்கள், நெல்லுக்கு நடுவே போன வண்டிக்கு அப்படி இப்படி என்று கை காட்டி வழி அனுப்பினார்கள்.

குருக்கள் கோபமாகத்தான் இருந்தார், ஆனால் நேரம் தவறவில்லை. கலச நீர் ஊற்றும்போது சார் குளிரில் நடுங்கிக்கொண்டே சிரித்தார். தாலி கட்டி முடிந்ததும் பக்கத்தில் அறுபதும் எண்பதும் முடித்து உட்கார்ந்திருந்த ஜோடிகளிடமெல்லாம் களத்துக் கதையைச் சொன்னார். அவர் சொன்னதில் நான் கெட்டிக்காரியாக இருந்தேன். நான் தூணோரம் ஒதுங்கினேன். வசந்தா அம்மா கூப்பிட்டு என் நெற்றியில் குங்குமம் வைத்தார். என் கால் விரலிடுக்கில் நெல் உமி ஒட்டியிருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

“ஆஸ்பத்திரி வாசல்ல நின்னப்ப ஒரு வழியும் தெரியல எனக்கு, இன்னிக்கு முன்ன பின்ன தெரியாதவங்க வாயில போற சோத்தத் தள்ளி வச்சு வழி விட்டுருக்காங்க.”

பாயின் யோசனை

திரும்பி வந்து பாயிடம் நடந்ததை எல்லாம் சொல்லி, வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லப் போனேன். அதற்குள் சார் அவருக்குப் போன் செய்து அரை மணி நேரம் பாராட்டியிருந்தார். சொந்தக்காரர்கள் இரண்டு குடும்பம் வருவதாகவும் சொல்லியிருந்தார். வண்டியை விற்கும் பேச்சு போய்விட்டது. பாய்க்கு அவ்வளவு சந்தோஷம். எனக்குத் தேநீர் வரவழைத்தார். நான் கொண்டு போன பேச்சை விட்டுவிட்டுத் தேநீரைக் குடித்தேன்.

“அஞ்சு நாள்ல அவருக்கு ரொம்பப் புடிச்சதே அந்தக் களம்தானாம்மா, இனிமே எல்லாப் ப்ளான்லயும் ‘களத்தில் ஒரு மாலை’ன்னு சேத்துரு.”

முடியாது என்று வாயால் சொல்ல வராதவள் வழி போடும் வேலையில் இருப்பதில் ஒரே ஒரு வசதி உண்டு: தை மாதம் முழுக்க எங்கள் கேரவன் அந்தக் களத்தின் பக்கமே போகாதபடி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டுதான் திருக்கடையூர் போகிறது, ஏன் இவ்வளவு சுற்று என்று பாயும் இன்னும் கேட்கவில்லை.