எண்ணாமல் விட்ட நாற்காலி

எங்கள் அண்ணனை ஊரில் நாற்காலிக்காரர் என்றால்தான் தெரியும். கல்யாணமோ சாவோ கட்சிக் கூட்டமோ, நாலு பேர் உட்கார வேண்டுமென்றால் அவன் கடைக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். ஒரு தள்ளுவண்டியில் ஆரம்பித்த தொழில். இப்போது ஒரு கிடங்கு, ஒரு சரக்கு வண்டி, கூரையை முட்டும்படி அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். கல்யாணத்துக்கு வரிசையாகப் போடுவான், சாவுக்குச் சுவரோரமாகப் போடுவான். கேட்டதற்கு மேல் எப்போதும் ஒன்று கூடுதலாக ஏற்றுவான். அதற்கு வாடகை கிடையாது. கேட்டால், “கணக்குல வராத ஆளு ஒருத்தரு கண்டிப்பா வருவாரு” என்பான்.

ஆனால் எந்தக் கூட்டத்திலும் அவன் மட்டும் உட்கார்ந்ததில்லை. என் கல்யாணத்திலேயே சுவரோரம் நின்றுகொண்டு, யார் நாற்காலியை இழுக்கிறார்கள், எவன் பின்னால் சாய்ந்து காலை ஒடிக்கப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்த மனிதன் அவன்.

அவன் எப்போது குடிக்க ஆரம்பித்தான் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அப்பா போன பிறகு என்பாள் அம்மா. கிடங்கில் மழைத் தண்ணீர் புகுந்த வருஷம் என்பாள் அண்ணி. “அவன் மீசை மொளச்சதுலேர்ந்தே” என்பார் சித்தப்பா. முதலில் பாரம் இறக்கிய உடம்பு வலிக்கு என்று ராத்திரியில் கொஞ்சம். பிறகு பொழுது சாயும் முன்பே. பிறகு மதியமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எங்கள் குடும்பத்துக்குக் கைவந்த கலை என்பதால் எல்லாரும் மறைத்தோம், நானும் சேர்ந்துதான்.

போன மாதம் வண்டியை நடைபாதையில் ஏற்றி விளக்குக் கம்பத்தில் முட்டினான். பக்கத்தில் அவன் மகள். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து அப்பா வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு அவன் அழுததை நான் பார்த்தேன். மறுநாளே குடித்துவிட்டு வந்ததையும் பார்த்தேன். இரண்டில் எது நிஜ அண்ணன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதோடு அண்ணி முடிவாகச் சொல்லிவிட்டாள். “அவரு சிகிச்சைக்குப் போகணும். இல்லன்னா பொண்ணக் கூட்டிக்கிட்டு நான் போயிடுவேன். இதுக்கு மேல என்னால முடியாது.”

போதை மறுவாழ்வு மையத்தில் இருந்த ஆலோசகர் அம்மாளிடம் அவளை அழைத்துப் போனேன். குடும்பமே சேர்ந்து உட்காருங்கள், அவர் குடிக்காத நேரமாகப் பாருங்கள், குற்றம் சொல்லாமல் உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள், சரி என்றால் அன்றைக்கே கூட்டி வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு படுக்கை காலியாகிறது என்றார். கடைசியில் ஒன்று சொன்னார்: யாரும் நின்றபடி பேசக் கூடாது, எல்லாரும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும்.

என் வீட்டில் இருப்பது ஒரு சோபாவும் ஒரு முக்காலியும். “நாற்காலிக்கு நான் சொல்லிடுறேன்” என்றாள் அம்மா. அந்தக் குழப்பத்தில் அது யார் காதிலும் சரியாக விழவில்லை.

குழப்பம் என்றால் சாதாரணக் குழப்பம் இல்லை. சனிக்கிழமை ஒத்திகை. அண்ணனாக நடிக்கச் சித்தப்பாவை உட்கார வைத்தோம். “என் காசு, நான் குடிக்கிறேன், ஒனக்கென்ன?” என்று அவர் அசல் அண்ணன் மாதிரியே கேட்டுத் தொலைக்க, அண்ணி நிஜமாகவே அவரிடம் சண்டைக்குப் போய்விட்டாள். அம்மாவோ, “போதும், விடுங்க, பாவம் அவன்” என்று சித்தப்பாவின் தலையைத் தடவ ஆரம்பித்தாள்.

என் வீட்டுக்காரர், “‘மச்சான், நிறுத்திடுங்க’ன்னு மட்டும் சொன்னாப் போதுமா? வேற எதாவது சொல்லணுமா?” என்று ஏழெட்டுத் தடவை கேட்டார்.

சித்தப்பா வேஷத்தைக் கலைத்துவிட்டு, “முழுசா நிறுத்தச் சொன்னா எவன் கேப்பான்? என்னைய மாதிரி அளவா...” என்று ஆரம்பித்தார்.

“ஒங்க அளவக் கொண்டுவந்து எங்க தலையில கட்டாதீங்க சித்தப்பா” என்றேன். எனக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்க வைக்கிறேன். வீட்டில் திறந்த வாய்களை மூட வைக்க முடியவில்லை.

மறுநாள் என் வீட்டுக்காரர் போய், குழாய் ரிப்பேர் என்று ஏதாவது சாக்குச் சொல்லி அண்ணனை அழைத்து வருவதாக ஏற்பாடு. அவர் செருப்பு மாட்டும்போதே அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அண்ணன். தோளில் அடுக்காக ஐந்து நாற்காலி.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். “வழக்கமா அவங்கிட்டதானே சொல்லுவேன்” என்று முணுமுணுத்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அண்ணன் முகம் மழித்து, குளித்து, சுத்தமாக வந்திருந்தான். நாற்காலிகளை இறக்கி வைத்தான். “எப்படிப் போடணும்? வரிசையாவா, சுவரோரமாவா?”

மனப்பாடம் செய்த வசனமெல்லாம் எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. “சாப்பிட்டியாடா?” என்றாள் அம்மா. சித்தப்பா கூரையை ஆராய்ந்தார்.

அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். “அஞ்சு பேரு இருக்கீங்க. அஞ்சு நாற்காலி கேட்டீங்க. அப்ப யாருக்காக இந்தக் கூட்டம்?”

அவனே ஐந்தையும் அரைவட்டமாகப் போட்டான். பிறகு விறுவிறுவென்று வெளியே இறங்கிப் போனான். கீழே வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“போச்சு” என்றார் சித்தப்பா. அண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். இனி அவள் கிளம்பிவிடுவாள், படுக்கையும் வேறு யாருக்கோ போய்விடும், எல்லாம் எங்கள் முட்டாள்தனத்தால் என்று எனக்கு அழுகை முட்டியது.

படியில் காலடி கேட்டது. அண்ணன் திரும்பி வந்தான், கையில் ஆறாவது நாற்காலி. கூடுதலாக ஏற்றும் அந்த ஒன்று. அதை எங்களுக்கு எதிரே போட்டு, அதில் உட்கார்ந்தான். கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டான். “சொல்லுங்க” என்றான்.

நாங்களும் உட்கார்ந்தோம். சாக்குக்கு அவசியமே இல்லாமல் போனதில் என் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். அண்ணி பக்கம் பக்கமாகத் தயார் செய்து வைத்திருந்தாள். வாயில் வந்தது ஒன்றுதான். “பயமா இருக்குங்க.”

“பாப்பாவுக்கும்தானே” என்றான் அண்ணன். பிறகு சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தான். “டாக்ஸி கூப்பிடு. எந்த எடம்னாலும் போறேன்.”

அம்மா வழக்கத்தில்தான் அவனிடம் சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா? வரும்போதே அவனுக்கு விஷயம் தெரியுமா? ஆறாவது நாற்காலியை வழக்கப்படி ஏற்றினானா, தனக்கென்றே ஏற்றினானா? கேட்டால் அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைக்கிறாள், அவ்வளவுதான். அவன் இன்னும் அந்த மையத்தில்தான் இருக்கிறான். குடியை விட்டுவிட்டு வருவானா என்று கேட்டால் ஆலோசகர் அம்மாளே, பார்ப்போம் என்கிறார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அன்று டாக்ஸி வந்து நின்றதும் அண்ணன் பழக்கதோஷத்தில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினான். “விடுண்ணே, நான் பாத்துக்கிறேன்” என்று கையைப் பிடித்தேன். விட்டுவிட்டான். வாசல்வரை போனவன் நின்று திரும்பினான்.

“ஏம்மா, எனக்காகத்தானே கூட்டம்? என்னைய எண்ணவே இல்லியே.”

அம்மா திகைத்துப்போனாள். “நீதான் எங்கயும் உக்கார மாட்டியேடா.”

“கால் வலிக்குதும்மா” என்றான் அண்ணன். “ரொம்ப வருஷமா வலிக்குது.”